மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் தலைகுந்தா என்று ஓர் இடம். ஜனவரியில் விடியற்காலை அங்கே போனால் புல்வெளி முழுக்க உப்பைத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். உறைபனி. வெளியூர்க்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு காலையில், ராத்திரியெல்லாம் புல்மேல் நின்றிருந்த வேன் ஒன்றை ஓட்டுநர் நகர்த்தினார். வேன் நின்ற இடத்தில் மட்டும், வேனின் நீள அகலத்துக்கே, பச்சைப் பாய் விரித்தாற்போலப் புல் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவில் பச்சை. கோவையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இன்ஜின் சூட்டுல பனி விழலையா?" என்றாள். ஓட்டுநரைக் கேட்டோம். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே வண்டியை அணைத்துவிட்டாராம். இன்ஜினில் சூடு என்று எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

திரும்பி வரும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "மேட்டுப்பாளையத்தை விட இங்க நாம சூரியனுக்குப் பக்கத்துலதானே இருக்கோம்? அப்புறம் ஏன் குளிருது?"

இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். இல்லை. மலையில் இரண்டு விதமான குளிர் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு. ஒன்று உயரத்தால் வருவது, பகலிலும் இருப்பது. மற்றொன்று தெளிந்த இரவில் தரையிலிருந்து கிளம்புவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எந்தக் குளிரும் சரியாகப் புரியாமல் போகிறது என்பது என் எண்ணம். முதலில் உயரத்தின் குளிர்.

சூரியன் பக்கத்தில் வந்தால்?

சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் நாம் உயர்வது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையிலிருந்து டில்லி போகிறவர், கிளம்பும் முன் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் டில்லி எவ்வளவு பக்கத்தில் வரும்? அதைவிடவும் குறைவுதான் இது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும். 50 லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம். அந்த மிக அருகில் வரும் ஜனவரியில்தான் தலைகுந்தாவில் புல் உறைகிறது. 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் வந்தும் நடக்காதது, இரண்டு கிலோமீட்டரில் நடந்துவிடாது. ஆகவே தூரத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

தலைக்கு மேல் இருக்கும் சுமை

காற்றுக்கு எடை உண்டு. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் எவ்வளவு எடை என்று யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் அந்த அறையில் இருக்கும் காற்று மட்டும் ஒரு மூட்டை சிமெண்டில் பாதிக்கு மேல் எடை, சுமார் 32 கிலோ. அதே அறை ஊட்டியில் இருந்தால் உள்ளே 27 கிலோ காற்றுதான் இருக்கும்.

குறைவது ஏன்? இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பத்துப் பதினைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடியில் இருப்பது நசுங்கிச் சப்பட்டையாகும். மேலே இருப்பது பொசுபொசுவென்று நிற்கும். காற்றும் அப்படித்தான். கடற்கரையில் நிற்பவரின் தலைக்கு மேல் மொத்த அடுக்கும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ சுமை. நம் உடம்புக்கு உள்ளிருந்தும் அதே அளவு எதிர் அழுத்தம் இருப்பதால் அது தெரிவதில்லை. ஊட்டிக்கு வரும்போது அடுக்கில் கீழ்ப்பகுதி நமக்குக் கீழே போய்விடுகிறது. மீதி இருப்பது முக்கால் பங்கை விடக் கொஞ்சம் கூட. சமவெளியில் 100 என்றால் ஊட்டியில் 77 என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் இத்தாலிக்காரரான டாரிசெல்லி. நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கடலின் அடியில் இருக்கிறோம் என்றால் மேலே ஏறினால் சுமை குறைய வேண்டுமே? நான்கு வருடம் கழித்து, 1648-இல், பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞர் தன் அக்கா கணவரிடம், காற்றின் சுமைக்கேற்பப் பாதரசம் ஏறி இறங்கும் குழாய் ஒன்றைக் கொடுத்து ஒரு மலைமேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். உச்சிக்குப் போனபோது குழாயில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. அவர் ஏறியது ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. அதே குழாயை நம் பக்கம் கொண்டுவந்தால், கடற்கரையில் 76 சென்டிமீட்டரில் நிற்கும் பாதரசம் ஊட்டி சேரிங்கிராஸில் 58, 59-இல் நிற்கும்.

பாதரசக் குழாய் நம்மிடம் இல்லை, ஆனால் காது இருக்கிறது. குன்னூர் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'பட்' என்று திறக்கிறதே, அதுவும் ஒரு அழுத்தமானிதான். செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் சிறு அறையில் கீழேயிருந்து கொண்டுவந்த காற்று அடைபட்டிருக்கும். வெளியே சுமை குறைந்ததும் அது செவிப்பறையை வெளிநோக்கித் தள்ளும். அந்த அறையிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறக்கும். இறங்கும்போதுதான் கைக்குழந்தைகள் அதிகம் அழும், கவனித்திருப்பீர்கள். அந்தக் குழாய் காற்றைச் சுலபமாக வெளியே விட்டுவிடும், உள்ளே விடத் தயங்கும். அதனால் பர்லியாறு தாண்டி இறங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய். சளி பிடித்திருப்பவர்களுக்கு வலி கொஞ்சம் கூடவே இருக்கும்.

கீழே கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் போல உப்புவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் காற்று மாறவில்லை, அதை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்த கை தளர்ந்துவிட்டது. ஷாம்பு பாட்டிலை ஊட்டியில் முதன்முதலாகத் திறந்தால் பீய்ச்சி அடிப்பதும் அதுவே. (நீலகிரிக்குள் இப்படிப்பட்ட பிளாஸ்டிக்குகள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. பார்க்க ஆசையாக இருக்கிறதென்று யாரும் பாக்கெட் வாங்கி வர வேண்டாம். காலி ஷாம்பு பாட்டிலை மேலே இறுக மூடிக் கீழே கொண்டுபோங்கள். மேட்டுப்பாளையம் வருவதற்குள் கன்னம் ஒட்டிப்போயிருக்கும்.)

சோற்றுப் பானையிலும் இந்தச் சுமைக் கணக்கு உண்டு. தண்ணீர் கொதிப்பது என்றால், அதன் உள்ளே உண்டாகும் ஆவிக்குமிழிகள் மேலே அமுக்கும் காற்றை எதிர்த்து நிற்கும் பலம் பெறுகின்றன என்று பொருள். அமுக்குவது குறைந்தால் பலம் குறைவாகவே போதும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று அரிசியைப் போட்டுக் காத்திருப்போம், வேகாது. அடுப்பைக் கூட்டுவோம். கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர 93-ஐத் தாண்டாது. குக்கர்தான் வழி. அது மேலே ஒரு செயற்கைச் சுமையை ஏற்றி வைக்கிறது. அப்போதும் சமவெளியில் 120 டிகிரி வரை போகும் குக்கர் இங்கே 116-ஐ ஒட்டி நின்றுவிடும் என்பதால், பருப்புக்கு ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டும். சமவெளியிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் முதல் மாதம் படும் பாடு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது அவர்கள் கைப்பக்குவத்தின் குறை அல்ல. அந்தக் காலத்தில் மலைகளை அளந்தவர்கள் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்தே உயரத்தைக் கணக்கிட்டார்கள். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி.

இதெல்லாம் சரி, குளிர் எங்கே வருகிறது?

விரியும் காற்று குளிரும்

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சூரிய ஒளி காற்றை நேராகச் சூடாக்குவது மிகக் குறைவு. பெரும்பகுதி காற்றை ஊடுருவிக்கொண்டு தரையில் வந்து விழுகிறது. தரை சூடாகி, தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. தோசைக்கல்லுக்கு மேலே கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. சூடான காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது. அல்லது வீசும் காற்று மலைச்சரிவில் மோதி, வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது.

மேலே ஏறும் காற்றுக்குச் சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆனதுதான் ஆகும். சுற்றிலும் அமுக்கும் சுமை குறையக் குறைய, அது விரியும். விரிவது என்றால் சும்மா இடம் பெரிதாவது இல்லை. சுற்றி இருக்கும் காற்றைத் தள்ளி, நெட்டி, இடம் பிடிக்க வேண்டும். அது ஒரு வேலை. வேலைக்கு ஆற்றல் வேண்டும். யாரிடம் வாங்கும்? காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் பக்கத்துக் காற்றிடமிருந்து அவசரத்துக்கு வாங்க முடியாது. தன் கையிருப்பைத்தான் செலவழிக்க வேண்டும். காற்றின் கையிருப்பு என்பது அதன் மூலக்கூறுகளின் ஓட்டம். அந்த ஓட்டத்தின் வேகத்தைத்தான் நாம் சூடு என்கிறோம். ஓட்டம் தளர்ந்தால் குளிர்.

இதைக் கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வேகமாக வரும் பந்தை, மட்டையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வாங்குங்கள். பந்து வேகமெல்லாம் செத்துக் காலடியில் விழும். மட்டையை முன்னால் வீசுங்கள், வந்ததைவிட வேகமாகப் பறக்கும். மூலக்கூறுதான் பந்து, சுற்றியிருக்கும் காற்று மட்டை. விரியும்போது மட்டை பின்வாங்குகிறது, மோதித் திரும்பும் ஒவ்வொரு மூலக்கூறும் வேகம் இழக்கிறது. அமுக்கப்படும்போது மட்டை முன்னால் வருகிறது, எல்லாம் வேகம் பெறுகின்றன.

அமுக்கினால் சூடாகும் என்பதைச் சைக்கிள் பம்பில் பார்க்கலாம். டயருக்கு இருபது முப்பது அடி அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொடுங்கள். சுடும். உராய்வு மட்டும் காரணம் என்றால் பம்பு முழுக்க ஒரே சீராகச் சூடாக வேண்டும். காற்று கடைசியில் நெருக்கப்படும் அடிப்பக்கம்தான் அதிகம் சுடுகிறது.

இங்கே ஒரு தவறான உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வாயை அகலத் திறந்து 'ஹா' என்று ஊதினால் சூடு, குவித்து 'பூ' என்று ஊதினால் குளிர்ச்சி, காரணம் காற்று விரிவது என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அது சரியில்லை. குவித்து ஊதும்போது வேகமாகப் போகும் காற்று, வழியில் அறைக் காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு போகிறது. அந்த அறைக் காற்றுதான் கையில் படுகிறது. கையை உதட்டுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு 'பூ' என்று ஊதிப் பாருங்கள், குவித்த வாயிலிருந்தும் சூடான காற்றே வரும்.

ஈரம் மேகமாகாத வரை, ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். மேகம் உருவாகத் தொடங்கிவிட்டால், ஆவி நீராகும்போது தன்னிடம் இருந்த வெப்பத்தைத் திருப்பித் தரும். அதனால் குளிர்வது பாதி அளவுக்கு மட்டுப்படும். இரண்டும் கலந்து, சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. வித்தியாசம் 1,900-க்குக் கொஞ்சம் மேல். பெருக்கினால் 12, 13 டிகிரி வருகிறது. மே மாதம் கீழே 37 டிகிரி கொளுத்தும் மத்தியானத்தில் மேலே 24 டிகிரியில் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கிறோம் என்றால் அது இந்தப் பெருக்கல்தான்.

மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லாறில் பாக்குத் தோப்பு. பர்லியாறில் பலாவும் மங்குஸ்தானும். காட்டேரி தாண்டினால் தேயிலை. ஊட்டியை நெருங்க நெருங்க கேரட்டும் முட்டைக்கோசும் உருளையும். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்தால்தான் மாறும் பருவநிலையை, இரண்டரை மணி நேரத்தில் பஸ்ஸில் கடந்துவிடுகிறோம்.

அக்கா மகள் விடவில்லை. "ஊட்டித் தரையிலயும் வெயில் விழுதே மாமா, அந்தத் தரை காத்தைச் சூடாக்காதா?" நல்ல கேள்வி. சூடாக்கும். ஊட்டியில் மத்தியானம் தகரக் கூரையைத் தொட்டால் கை சுடும். மெல்லிய காற்று என்பதால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சமவெளியைவிட அதிகமாகவே வந்து தோலைக் கருக்கும். ஆனால் அந்தச் சூடான காற்று அங்கேயே தங்காது. அது மேலே போகும், அந்த இடத்துக்கு அதே உயரத்தில் இருக்கும் வெளிக்காற்று வந்து நிறையும். கோவைக்கு மேலே, ஈரோட்டுக்கு மேலே, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் காற்றும் ஏற்கெனவே குளிர்ந்ததுதான். நீலகிரி அந்தக் குளிர்ந்த காற்றுக்குள் நீட்டிய ஒரு விரல் போன்றது. விரலில் எவ்வளவு சூடு இருந்தால் என்ன, தொட்டித் தண்ணீர் முழுவதையும் சூடாக்க முடியுமா? இன்னொன்று, நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றும் ஈரமும் குறைவு என்பதால் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிப்போவதும் எளிது. அதனால்தான் இங்கே வெயிலில் நின்றால் சுடும், ரெண்டடி நகர்ந்து நிழலில் நின்றால் குளிரும்.

மெல்லிய, தூசு குறைந்த இந்தக் காற்று வானத்தைப் பார்ப்பவர்களுக்குப் பெரிய வசதி. கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான்.

ஏறினால் மழை, இறங்கினால் வறட்சி

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் மாலை நான்கு மணிக்கு நின்றால் கீழ்ப் பள்ளத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ ஏறி வந்து, ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவரைக்கூட மறைத்துவிடும். அது எங்கிருந்தோ வந்த மேகம் இல்லை. கீழே கண்ணுக்குத் தெரியாத ஈரக்காற்றாக இருந்தது, ஏறி, விரிந்து, குளிர்ந்து, நம் கண்முன்னே மேகமாகிறது. குளிர்ந்த காற்றில் ஆவி நீர்த்துளியாகிக்கொண்டே வருகிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் வந்ததும் திடீரென்று மஞ்சு தொடங்குவதும் அதனால்தான். அந்த உயரத்தில் அன்றைய காற்று போதுமான அளவு குளிர்ந்துவிடுகிறது. மேகங்களின் அடிவயிறு தட்டையாக, ஒரே கோட்டில் இருப்பதற்கும் காரணம் இதுவே.

நீலகிரியில் இது இன்னும் பிரம்மாண்டமாக நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குச் சரிவில் ஏறுகிறது. தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. மழையை இந்தப் பக்கமே இறக்கிவிட்ட காற்று மறுபக்கம் இறங்கும்போது, சைக்கிள் பம்புக்குள் இருப்பது போல அமுக்கப்பட்டுச் சூடாகிறது. தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்கி மசினகுடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்வெட்டர் கழன்றுவிடும், சுற்றிலும் முள்மரக் காடு. ஒரே மலையின் இரண்டு பக்கங்கள். ஏறினால் விரியும், இறங்கினால் நெருங்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

வேனுக்கு அடியில் இருந்த பச்சை

இனி இரவின் குளிர்.

உயரம் மட்டுமே காரணம் என்றால் உறைபனி முதலில் தொட்டபெட்டா உச்சியில் விழ வேண்டும். 2,637 மீட்டர் உயரம் அது. ஆனால் ஊட்டியில் உறைபனி என்றதும் யாரும் சிகரத்தைச் சொல்வதில்லை. குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா, காந்தல், தலைகுந்தா என்றுதான் செய்தி வரும். எல்லாம் பள்ளமான இடங்கள். எங்கள் வீடு காந்தலில் தாழ்ந்த பக்கம். எங்கள் கொல்லையில் செடிகள் கருகிக் கிடக்கும் காலையில், மேட்டுத் தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டுச் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேலே இருப்பவர் வீட்டில் குளிர் கம்மி. உயரத்தின் கணக்கு அன்று இரவு தலைகீழாகிவிடுகிறது.

எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வீசிக்கொண்டே இருக்கும். சித்திரை மாத இரவில் மேற்குச் சுவரைத் தொடாமலே, பக்கத்தில் நின்றாலே அனல் அடிக்கும் அல்லவா, அதுதான். புல்லும் அப்படியே வீசுகிறது. வானத்தைப் பார்த்து வீசுகிறது. மேகம் இருந்தால் அந்த மேகமும் பதிலுக்குக் கீழ்நோக்கி வீசும், கொடுக்கல் வாங்கல் ஓரளவு சரியாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும், வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும். காற்றில் ஈரம் குறைவு. புல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவது மிகச் சொற்பம். "நட்சத்திரம் பளிச்சுனு தெரியுது, தொட்டியெல்லாம் உள்ள எடுத்து வை" என்று அம்மா சாயங்காலமே சொல்வது இதனால்தான்.

இப்படிக் குளிர்ந்த புல், தன்னைத் தொட்ட காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனம். காற்றோட்டம் இல்லாத இரவில் அது தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். சித்தப்பா வீட்டுக் குளிரும் சேர்ந்து எங்கள் கொல்லைக்கு வருகிறது. புல்லின் சூடு கொஞ்சம் இறங்கினால் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் துளியாகும். அது நீர்ப்பனி. பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த ஈரம் நேராகப் பனிப்பொடியாகவே படியும். அது உறைபனி. அதனால் உறைபனி 'விழுகிறது' என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது எங்கிருந்தும் விழுவதில்லை, இருக்கிற இடத்திலேயே முளைக்கிறது. செய்தியில் குறைந்தபட்சம் 2 டிகிரி என்று இருக்கும், ஆனால் புல் வெள்ளையாக இருக்கும், இது எப்படி என்று சிலர் கேட்பார்கள். வானிலை அளப்பவர்கள் வெப்பமானியைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில், மூடிய பெட்டிக்குள் வைக்கிறார்கள். புல்நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும்.

தாவரவியல் பூங்காவில் அந்த மாதங்களில் நாற்றுகளின்மேல் தழைகளைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். தழை செடியைச் சூடாக்குவதில்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். செடி வீசும் வெப்பத்தைத் தழை வாங்கிக்கொண்டு, தன் பங்குக்குக் கீழ்நோக்கியும் வீசுகிறது. சோலைக்குள் முளைக்கும் மரக்கன்று பிழைப்பதும், அதே விதை நாலடி தள்ளித் திறந்த புல்வெளியில் முளைத்தால் ஜனவரியில் கருகுவதும் இந்தக் கூரை இருப்பதாலும் இல்லாததாலும்தான். நம் மலைகளில் சோலையும் புல்வெளியும் கத்தியால் வெட்டினாற்போலப் பிரிந்து நிற்பதற்கு, காட்டுத்தீயோடும் மேய்ச்சலோடும் உறைபனியையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

வேனும் அன்று அதைத்தான் செய்தது. இன்ஜின் அணைந்திருந்தாலும் அதன் அடித்தகடு புல்லுக்கு வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது. வேனின் கூரைமேல் கை வைத்துப் பார்த்திருந்தால் அங்கே வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அக்கா மகள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அன்று ராத்திரி எங்கள் கொல்லைப் புல்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினாள். விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடிப் பார்த்தோம். நாற்காலியின் இருக்கை முழுக்க வெள்ளை. அதைத் தூக்கினாள். நான்கு கால்களுக்கு நடுவே, கோணல்மாணலாக, பச்சைப் புல்.